கோடு அறுந்த இடத்தில் கிளிப்

உச்சிமாகாளி ஒரகடத்துக்கு வந்த ஆறு வருஷத்தில் வரைந்த தாள்கள் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். ஒன்றில்கூட அவன் பெயர் கிடையாது. கார் உதிரிபாகக் கம்பெனியில், லைனில் நிற்பவர்களுக்கு எதை எங்கே மாட்டுவது என்று காட்டும் படத்தாள்கள் அவை. அடியில் ‘வரைந்தவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. கான்ட்ராக்ட் ஆள் பெயர் அதில் ஏறக்கூடாது. இன்சார்ஜ் புருஷோத்தமன் பெயர்தான் ஏறும். பெர்மனன்ட் ஆனால் தன் பெயர் வரும். அந்த ஒன்றுக்காகத்தான் படப்பையில் நாலு பேரோடு ஒரே அறையில் கிடந்தான்.

பாகத்தின் முழு வடிவம் கம்ப்யூட்டரில் இருக்கும். அதன் விளிம்புக்கோட்டை மட்டும் எடுத்துத் தாளில் போட வேண்டும். பெட்டி மாதிரிச் சாமானுக்குத் தொல்லை இல்லை. வழவழவென்று வளைந்த பக்கக்கண்ணாடிக் கூட்டுக்கு விளிம்பு எங்கே? நம்மைப் பார்த்திருக்கும் பரப்பு நமக்கு முதுகு காட்டத் திரும்புகிற இடம்தான் அது. பார்க்கிற கண் நகர்ந்தால் அதுவும் நகரும். கம்ப்யூட்டரோ வளைவைச் சின்னச்சின்ன முக்கோணங்களாக நறுக்கி வைத்திருந்தது. அவற்றின் ஓரங்களைப் பிடித்து அது போட்ட கோடு ரம்பப் பல்லாக வந்தது. உச்சிமாகாளி கையால் திருத்துவான்.

திருத்தும்போது அவனாக ஒரு வழக்கம் கொண்டுவந்தான். கிளிப் செருகும் இடத்தில் விளிம்புக்கோட்டைக் கொஞ்சம் அறுத்துவிடுவான். ஓரத்தில் இங்கிலீஷில் இருக்கும் குறிப்பை லைனில் யார் படிக்கிறார்கள்? “கோடு எங்க அத்திருக்கோ, கிளிப்பு அங்கன,” என்று ஒருநாள் டீ நேரத்தில், லைனில் நிற்கும் நாங்குநேரிப் பெண் சுகப்பிரியாவிடம் சொன்னான். ஒரே வாரத்தில் லைன் முழுக்க அதுவே சட்டமாகிவிட்டது.

2013இல், ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதினான். முக்கோணத்தின் ஒவ்வொரு மூலையிலும் பரப்பு கண்ணைப் பார்க்கிறதா, விலகுகிறதா என்று ஓர் எண். ஒரு மூலையில் கூட்டல், அடுத்ததில் கழித்தல் என்றால் நடுவில் எங்கோ பூஜ்யம் இருந்தாக வேண்டும். அந்தப் பூஜ்யங்களைக் கோத்ததும் கோடு தண்ணீர் மாதிரி ஓடியது.

“இன்னாபா இது, மெஷினே வரையுது!” புருஷோத்தமன் தோளில் தட்டினார். “புது மாடல் கூடு நாளைக்கு லைனுக்குப் போவுது. இத்தையே பிரின்ட் போடு. பெர்மனன்ட் லிஸ்ட்ல உன் பேர நானே எழுதறேன்.”

“ஒரு வாரம் குடுங்க சார். கோடு சில எடத்துல அத்துப் போகுது.” கோடு ஓடுவது முக்கோணங்களுக்கு உள்ளே, எது கண்ணுக்குத் தெரியும் என்று முடிவு செய்வதும் அதே முக்கோணங்கள். முன்னால் நிற்கும் முக்கோணம் சில இடங்களில் அந்தக் கோட்டை மறைத்துவிடும். “பாத்துப் பாத்து ஒட்டணும். கிளிப்பு எடத்த வேற நான் அறுக்கணும்லா.”

“சின்ன கேப்பு, எவன் பாக்கப் போறான்? ரொம்பத்தான் சீன் போடற.”

பெர்மனன்ட் என்ற சொல் இன்னும் காதில் இருந்தது. உச்சிமாகாளி பிரின்ட் பட்டனை அழுத்தினான்.

மறுநாள் சுகப்பிரியாவும் மற்ற பெண்களும் கோடு அறுந்த இடம் பார்த்து, சரியாக அங்கேயே கிளிப்பை அழுத்தினார்கள். கிளிப்புக்கான இடமல்ல, கூட்டின் மெல்லிய ஓரம் அது. இருநூற்றுப் பன்னிரண்டு கூடுகளில் உள்பக்கம் விரிசல்.

“இங்க போடச் சொல்லி யாரும்மா சொன்னது?” மேனேஜர் கேட்டார்.

“உச்சி அண்ணாச்சிதான் சார். கோடு அத்திருந்தா கிளிப்பு. இத்தன வருஷத்துல ஒண்ணுகூடத் தப்புனதில்ல.” சுகப்பிரியா பெருமையாகத்தான் சொன்னாள்.

“எந்த ரூல்ல இருக்கு அது?”

எதிலும் இல்லை. புருஷோத்தமன் தரையைப் பார்த்தபடி, “எனக்குத் தெரியாம பண்ணிக்கினு இருந்திருக்கான் சார்,” என்றார். ஆறு வருஷமும் அந்தத் தாள்களில் கையெழுத்துப் போட்டவர்.

வேலையை விட்டு நிறுத்தி, அவன் அடையாள அட்டையைக் கம்பெனி வாங்கிக்கொண்ட பிறகும் ஒரு வேலை பாக்கி இருந்தது. விசாரணைக் கோப்பில் வைக்க அந்தத் தாளின் இன்னொரு பிரதி வேண்டுமாம். அவனையே உட்காரவைத்தார்கள்.

“வரைந்தவர் கட்டத்துல உன் பேரப் போட்டுடு,” என்றார் புருஷோத்தமன். “இனிஷியலோட.”

உச்சிமாகாளி தட்டினான். பழக்கதோஷம், கண் கோட்டின்மேல் ஓடியது. அறுந்த இடத்தை ஒட்டிவிடக் கை மவுஸை நகர்த்தியது.

“அத்தத் தொடாத,” என்றார் புருஷோத்தமன். “அப்டியே இருக்கணும்.”