கதவு எந்தப் பக்கம்?

நகரசபை உறுப்பினர் ஒருவரின் ஸ்காபரோ அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பது என் தொழில். அதாவது பனி அள்ளாவிட்டாலும் குப்பை வண்டி வராவிட்டாலும் முதல் ஏச்சு எனக்கு. சம்பளத்துக்கு ஏச்சு வாங்குகிற சகோதர சகோதரிகளே, என் நிலைமை உங்களுக்குப் புரியும். ஆனால் எனக்கு முன் அனுபவம் உண்டு. நோர்வேயின் வடக்குக் கரையில், இங்கே எங்கள் டோர்செட் பார்க் பகுதியின் மாடிக் கட்டடங்கள் இரண்டுக்குள் மொத்தச் சனத்தையும் அடக்கிவிடக்கூடிய ஒரு நகராட்சியில் நான் சபை உறுப்பினராக இருந்தவன். சிரிக்காதீர்கள்.

பெயர் மட்டும் தா

அங்கே மீன் தொழிற்சாலையில் முள் எடுப்பதுதான் என் வேலை. ஒருநாள் மேயர் ஓலாவ் தேடி வந்தார். மேயர் என்றதும் காரும் கொடியும் நினைக்க வேண்டாம். காலையில் கடலில் வலை இழுத்துவிட்டு, செதில் ஒட்டிய அதே மேற்சட்டையோடு கூட்டத்துக்கு வருகிற மனிதர். அவருடைய கட்சியின் வேட்பாளர் பட்டியலில் கடைசி இடத்துக்கு ஆள் இல்லையாம். பெயர் மட்டும் தந்தால் போதும், வெல்லவே மாட்டாய் என்று சத்தியம் செய்தார். கொடுத்தேன்.

அந்த நாட்டு உள்ளூராட்சித் தேர்தலில் கட்சிக்கு வாக்குப் போட்டுவிட்டு, பிடித்த ஆளின் பெயருக்குப் பக்கத்தில் புள்ளடியும் போடலாம். தொழிற்சாலைத் தமிழர் அத்தனை பேரும், எந்தக் கட்சி, என்ன கொள்கை என்று ஒன்றும் பாராமல், என் பெயருக்குப் புள்ளடி போட்டுவிட்டார்கள். விடிந்தபோது நான் உறுப்பினர். எனக்குப் பேச வராது, விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டு ஓலாவின் படகடிக்கே ஓடினேன். தெரிவானவர் விலக அங்கே சட்டம் இலேசில் இடம் கொடுக்காது. ஓலாவ் சொன்னது நோர்வேஜிய மொழியில்தான், ஆனால் என் காதில் யாழ்ப்பாணத் தமிழில் விழுந்தது: "தம்பி, இஞ்சை தோத்தவன்தான் தப்பினவன். நாளைக்குப் பின்னேரம் கூட்டம்."

முதல் பேச்சு

நான் இருந்த சபையின் மிகப் பெரிய பிரச்சினை, துறைமுகத்தில் படகுக்குக் காத்திருப்பவர்களுக்கான கொட்டகை. பழையதைப் புயல் கொண்டுபோய்விட்டது. புதியதற்குக் கதவு எந்தப் பக்கம்? கடல் பக்கம் வைத்தால் படகு தெரியும், காற்றும் உள்ளே வரும். கரையிலுள்ள கடைப் பக்கம் வைத்தால் காற்று வராது, படகு வருவதும் தெரியாது. இரண்டு கூட்டங்கள் இதிலேயே போயின. மூன்றாவது கூட்டத்தை ஓலாவ் துறைமுகத்திலேயே வைத்தார். முழுச் சபையும் கோப்பிப் போத்தலோடு ஆலங்கட்டி மழையில் நின்று, ஒவ்வொரு திசையாகத் திரும்பி முகத்தில் காற்று வாங்கியது. வளர்ந்த மனிதர்கள் செய்கிற வேலையா இது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பல் கிடுகிடுக்க வாயைத் திறந்தேன். "கதவைக் கடைப் பக்கம் வையுங்கள். படகுக்காரனும் நாங்களும் பார்த்துக்கொள்ளக் கடல் பக்கம் ஒரு யன்னல் போடுங்கள். இப்போது உள்ளே போவோம்." கடைசி இரண்டு சொல்லுக்காகவே எல்லாக் கட்சிகளும் கை தூக்கின. ஓலாவ் என் முதுகில் தட்டினார்: "இவனுக்குப் பேச வராதெண்டு சொன்னது ஆர்?"

மீன் இல்லாத சின்னம்

பிறகு அரசாங்கத்து மேலிடத்தில் ஒரு ஞானம் பிறந்தது. சின்ன நகராட்சிகளுக்குத் திறமை காணாது, பெரியதோடு சேர்ந்துவிடுங்கள் என்றார்கள். நான் எதிர்த்துக் கை தூக்கினேன், தோற்றோம். அதற்குப் பிறகுதான் உண்மையான சண்டை. எங்கள் நகராட்சிச் சின்னத்தில் கொட் மீன், அடுத்த ஊர்ச் சின்னத்தில் ஹெரிங் மீன். எந்த மீன் மிஞ்சுவது? யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஈற்றில் வெறும் அலைகளை வரைந்து ஒப்பேற்றினார்கள். கடைசிக் கூட்டத்தில் கேக் வெட்டினோம். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. பக்கத்தில் இருந்த உறுப்பினர் இங்ரிட், மீனவப் பெண், புதுச் சின்னத்தை ஒரு பார்வை பார்த்தார்: "மீனுகளுக்கு விசயம் விளங்கிட்டுது, முதலே ஓடிட்டுதுகள்."

பரமேஸ்வரி அன்ரி

நான் வந்து சேர்ந்த ஸ்காபரோவும் ஒருகாலத்தில் தனி நகராட்சி, பெரியதோடு சேர்க்கப்பட்டது. என் ராசி அப்படி.

பரமேஸ்வரி அன்ரி டோர்செட் பார்க்கில் தனியாக இருக்கிறவர். முழங்கால் வைத்தியத்துக்குப் பஸ்ஸில் போகவேண்டும். போன மாரிக் குளிரில் அந்தத் தரிப்பிடத்தில் காற்று தள்ளி விழுந்து, வசந்தம் வரும்வரை வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தார். இன்னொரு மாரியை அப்படிக் கழிக்க அவருக்கு மனமில்லை. பனிக்கு முன் தரிப்பிடத்துக்கு ஒரு கூரை வேண்டும். செவ்வாய்தோறும் அழைப்பார். நான் ஒரு பிரிவைக் கேட்பேன், அது இன்னொன்றைக் காட்டும், அது திரும்ப என்னையே காட்டும். அன்ரிக்குப் பொறுமை போய்விட்டது: "நீர் நோர்வேயிலை மேயரா இருந்தனீராம். உமக்கு ஒரு கூரை போட வக்கில்லையோ?"

கூரை வந்தது

முதல் பனிக்கு முன் கூரை வந்தேவிட்டது. எந்த ஒப்பந்தக்காரரோ, ஒரு காலையில் லொறியில் கொண்டுவந்து நட்டுவிட்டுப் போய்விட்டார். கூட்டமில்லை, கோப்பியில்லை. சந்தோசம் தாங்காமல் நேரே பார்க்கப் போனேன். திறந்த பக்கம் வாடைக்காற்றைப் பார்த்து நின்றது. உள்ளே சருகுகள் சுழன்று ஆடிக்கொண்டிருந்தன. காற்றுப் படாத ஒரே இடம், ஓரத்து விளம்பரப் பலகைக்குப் பின்பக்கம். சனம் எல்லாம் அங்கேதான் ஒண்டி நின்றது. வீதியிலிருந்து பார்க்கிற பஸ் சாரதிக்கு வெறும் கூரைதான் தெரியும்.

அடுத்த செவ்வாய் அன்ரி வழக்கம்போல அழைத்தார். இந்த முறை குரலில் கோபமே இல்லை: "தம்பி, முந்திக் குளிர் மட்டும்தான். இப்ப பஸ்ஸும் நிக்குதில்லை."

திறமை காணாது என்று கலைக்கப்பட்ட அந்தச் சபை மூன்று கூட்டம் பேசிக் கட்டிய கொட்டகைக்குள் இன்றைக்கும் காற்று புகுவதில்லை, படகும் நிற்காமல் போவதில்லை.