நாய் வைரஸ் பூனைக்கு வராது

மூன்று வருடங்களுக்கு முன்னால், டிசம்பர் மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த ஒரு வாரத்தில் நடந்தது இது. நாங்கள் அப்போதும் இப்போதும் மாடம்பாக்கத்தில்தான் இருக்கிறோம். எட்டே வீடுகள் கொண்ட சின்ன அடுக்குமாடி, முதல் மாடி. பக்கத்தில் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுக்கிறேன். அப்போதே இருபத்தாறு வருட சர்வீஸ். அந்த சர்வீஸ் தந்த திமிரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

எதிர் வீட்டில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள், அதனால் அவள் என்றே எழுதுகிறேன். மறைமலை நகரில் கார் உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. நாள் முழுக்க போல்ட்டுகளைக் கையில் எடுத்து, மரை சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பிசகினதைத் தனியே போடுவாள். ஒருநாள் கம்பெனி குடோனில் போல்ட் அட்டைப்பெட்டிக்குள் கிடந்த பூனைக்குட்டி ஒன்றைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்துவிட்டாள். அதற்கு 'போல்ட்டு' என்றே பேர் வைத்தாள். சாம்பல் நிறம், வெள்ளைக் கால்கள். அப்பா அம்மா போய்ச் சேர்ந்து, அண்ணனோடும் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்த அவளுக்கு வீட்டுக்குள் இருந்த ஒரே உயிர் அதுதான்.

காலை ஆறு மணிக்கே கம்பெனி பஸ் ஏறிவிடுவாள். திரும்ப ஏழாகும். அதனால் வீட்டுச் சாவி ஒன்று என்னிடம் இருந்தது. நான் நாலரை மணிக்குப் பள்ளியிலிருந்து வந்ததும் போல்ட்டுக்குச் சாப்பாடு வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கும் அது பிடித்துப்போயிருந்தது.

அந்த வாரம் எங்கள் கேட்டுக்கு வெளியே, மழைநீர்க் கால்வாய் ஓரமாக ஒரு தெரு நாய்க்குட்டி வாந்தியும் ரத்தப் பேதியுமாகக் கிடந்தது. பார்த்துவிட்டுப் போக மனம் வரவில்லை. பழைய துண்டில் சுருட்டி, ஆட்டோ பிடித்து, கேம்ப் ரோடு பக்கம் ஒரு கால்நடை கிளினிக்குக் கொண்டுபோனேன். பார்வோ வைரஸ் என்றார்கள். தினமும் டிரிப்ஸ் ஏற்றவேண்டும் என்று குட்டியை அங்கேயே வைத்துக்கொண்டதால், பள்ளி விட்டதும் கிளினிக், அங்கிருந்து நேரே வீடு என்று ஐந்து நாட்கள் அலைந்தேன். அந்தக் குட்டி பிழைத்துக்கொண்டது. அதன் போட்டோவை அடுக்குமாடி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டபோது வந்த பாராட்டுகளை ஒன்றுவிடாமல் படித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் நாளே கிளினிக்கில் டிரிப்ஸ் மாட்டும் கம்பவுண்டர், ஐம்பது வயது இருக்கும் அவருக்கு, என்னிடம் கேட்டார்.

“டீச்சரம்மா, வூட்ல பூனை கீனை எதுனா கீதா?”

“என் வீட்ல இல்லைங்க. எதிர் வீட்ல இருக்கு, நான்தான் சாப்பாடு வைக்கிறேன்.”

“அப்ப கொஞ்சம் பாத்து இருந்துக்கோங்க. இது அதுக்கும் ஒட்டிக்கும். துணி மாத்திட்டு போங்க, செருப்ப வெளியவே வுட்டுடுங்க. ஊசி போடலன்னா மொதல்ல போட்டுட சொல்லுங்க.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டேன். ஏனென்றால் இது என்னுடைய ஏரியா. பரிணாமம் நடத்தும்போது நான் எப்போதும் சொல்லும் உதாரணமே இந்த பார்வோ வைரஸ்தான். பூனை இனத்தைத் தாக்கிக்கொண்டிருந்த ஒரு வைரஸின் மரபணுவில் சில எழுத்துகள் மாறின. அதன் வெளியுறையின் வடிவம் லேசாக மாறியது. அது நாய்க்குத் தாவியது. சாவியின் பல்லைத் தேய்த்து நாயின் பூட்டைத் திறந்துவிட்டது, ஆனால் தேய்த்த சாவி பழைய பூட்டுக்குச் சேராது என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுவேன். கடைசியில் ஒரு வரி நோட்ஸ்: 'நாய் பார்வோ வைரஸ் பூனைகளைத் தாக்காது. ஓம்புயிர் மாறிவிட்டது.' ஒரு மார்க் கேள்வியாகவும் கேட்பேன். இந்த வரி எனக்குக் கல்லூரியில் என் பேராசிரியர் எழுதிப்போட்டது. அதை அப்படியே இருபத்தாறு பேட்ச் பிள்ளைகளுக்கு எழுதிப்போட்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு கம்பவுண்டர் தலையாட்டினார். “நமக்கு இன்னா தெரியும் டீச்சர். கண்ணால பாத்தத சொன்னேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த நாய்க்கு ஊசி போடப் போய்விட்டார். படிக்காதவர், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன் எதிர் வீட்டுக்காரி கதவைத் தட்டினாள்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நாய்க்குட்டியத் தொட்டுட்டு நேரா வர்றீங்க இல்ல, போல்ட்டுக்கு ஒண்ணும் ஆகாதே? அதுக்கு இன்னும் ஊசியே போடல. வேணும்னா ரெண்டு நாள் நான் லீவு போட்டுக்கவா?”

எனக்குச் சிரிப்புதான் வந்தது. “உனக்கு எதுக்கும்மா இந்தக் கவலை? நாய் வைரஸ் பூனைக்கு வராது. நான் பாடமே நடத்துறேன். வாசலே தாண்டாத பூனைக்கு என்ன அவசரம், ஊசிய ஜனவரில நிதானமா போட்டுக்கலாம்” என்றேன்.

“நீங்க சொன்னா சரிக்கா” என்றாள். அவள் எதற்கும் என்னைத்தான் கேட்பாள். தைராய்டு மாத்திரையை எப்போது போடுவது, கொசுவுக்கு எந்த மருந்து அடிப்பது, எல்லாம். நான் சொன்னால் அவளுக்கு அது அச்சடித்த மாதிரி.

நான் ஒன்றும் அசுத்தமாக இருந்துவிடவில்லை. கைப்பையில் சானிடைசர் எப்போதும் இருக்கும். கையில் தேய்த்துக்கொண்டுதான் அவள் வீட்டுக்குள் போவேன். இந்த வைரஸுக்குச் சானிடைசர் ஒரு பொருட்டே இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. சேலையை மாற்றவில்லை. செருப்பை அவள் வீட்டு ஹால் வரைக்கும் போட்டுக்கொண்டு போனேன்.

அடுத்த வாரம் ஒருநாள் நான் போனபோது போல்ட்டு ஓடிவரவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குடிக்கவும் இல்லை, நகரவும் இல்லை. மறுநாள் வாந்தி. அவள் லீவு போட்டுவிட்டு அதே கிளினிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நானும் கூடப் போனேன். டாக்டர் முப்பது வயதுகூட நிரம்பாத பெண். ஒரு சின்னப் பட்டையில் டெஸ்ட் பார்த்தார். இரண்டு கோடு விழுந்தது.

நான்கு நாள் டிரிப்ஸ். அந்த நான்கு நாளும் அவள் பூனையின் காதருகே ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். ஐந்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு, அவள் மடியிலேயே அது அடங்கிவிட்டது. வெள்ளைக் கால்களில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை அவள் முடி இழுபடாமல் மெதுவாக உரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் டாக்டர் கேட்டார். “வெளியவே போகாத பூனைன்னு சொல்றீங்க. அந்த நாய்க்குட்டிகிட்டருந்து வந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கும்மா. உறுதியா சொல்லணும்னா லேபுக்கு அனுப்பி மரபணு பாக்கணும். ஆனா இந்த வைரஸ் நாய்க்குத் தாவின கொஞ்ச வருஷத்துலயே திரும்பவும் மாறிடுச்சு. இப்ப சுத்துறதெல்லாம் புது ரகம், பூனையையும் பிடிக்கும். ஊசி போட்டிருந்தா தப்பிச்சிருக்கும். நாய்க்கு வர்றது பூனைக்கு வராதுன்னு யாராவது உங்ககிட்ட சொன்னாங்களா?”

மேஜைக்குப் பின்னால் நின்றிருந்த கம்பவுண்டர் என்னைப் பார்த்தார்.

எதிர் வீட்டுக்காரி நிமிரவே இல்லை. “யாரும் சொல்லல டாக்டர். நானாதான் அப்படி நினைச்சுக்கிட்டேன்” என்றாள்.

எனக்காகச் சொன்னாள். ஒரு டீச்சரை, வயதில் மூத்தவளை, நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்கக்கூடாது என்று சொன்னாள். நான் அதை வாங்கிக்கொண்டேன். 'இல்லை டாக்டர், நான்தான் சொன்னேன்' என்று சொல்ல எனக்கு எத்தனை நொடி ஆகியிருக்கும்? சுவரில் மாட்டியிருந்த வெறிநாய்க்கடி போஸ்டரை முதலிலிருந்து கடைசிவரை படித்துக்கொண்டிருந்தேன். கம்பவுண்டர் டிரிப்ஸ் ஸ்டாண்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். நமக்கு இன்னா தெரியும் என்று அவர் மறுபடி ஒருமுறை சொல்லியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். டாக்டர் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை. அந்த வைரஸ் நாயின் பூட்டையும் விடாமல், பூனையின் பூட்டுக்கும் சாவி தயார் செய்துகொண்டபோது நான் பாவாடை சட்டையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். ஒரு கிருமியால் இத்தனை வேகமாக மாறமுடியும் என்று வருடா வருடம் நடத்திய நான், என் நோட்ஸில் ஒரு வரியை மாற்றவில்லை. என் கணவர், “விடு, ஒரு பூனைதானே” என்றார். 'லேபுக்கு அனுப்பினால்தான் உறுதி' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நானும் ஒரு மாதம் தப்பிக்கப் பார்த்தேன். வேறெங்கிருந்தாவது வந்திருக்கலாம், அவளுடைய பேக்டரியிலிருந்துகூட வந்திருக்கலாம் என்று என்னிடமே வாதாடினேன். கேவலமாக இருந்தது.

அடுத்த வருடம் வகுப்பில் அந்த வரியைத் திருத்தி எழுதிப்போட்டேன். ஒரு மாணவி எழுந்து, “மிஸ், எங்க அக்கா நோட்ல வேற மாதிரி இருக்கே?” என்றாள். இருபத்தாறு வருடமாக நான் எழுதிப்போட்டது தப்பு என்று சொல்ல அது நல்ல சந்தர்ப்பம். “சிலபஸ் மாறிடுச்சும்மா, உக்காரு” என்றேன்.

எதிர் வீட்டுக்காரி இன்றும் படியில் பார்த்தால், “என்னக்கா, ஸ்கூலா?” என்று சிரிக்கிறாள். சாவியை அவள் திருப்பிக் கேட்கவில்லை. நானே கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை, ஒரு மாத்திரைகூட. மன்னிப்புக் கேட்க இரண்டு முறை அவள் கதவைத் தட்டியிருக்கிறேன். ஒருமுறை 'தண்ணி லாரி வந்துச்சா' என்று கேட்டேன். இன்னொரு முறை பொங்கல் கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்தப் பத்திரிகைக்குப் பேர் போடாமல் அனுபவம் எழுதலாம் என்று தெரிந்ததும்தான் எனக்கு இதைச் சொல்லத் தைரியம் வந்தது. எதிர் வீட்டில் பத்திரிகை எதுவும் வாங்குவதில்லை. அது எனக்கு நிம்மதியாக இருக்கிறதே, மூன்று வருடம் கழித்தும் என்னால் தாங்கமுடியாதது அதுதான்.