பாத்திரம் கழுவும் மெஷினும் மூன்று வாளித் தண்ணீரும்

என் அம்மாவை ஏமாற்றியவர் என் தாய்மாமன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. அவர் இன்றும் விளாங்குடியில் நன்றாகத்தான் இருக்கிறார். காது கேட்கிறது, கண் தெரிகிறது, பத்திரிகையும் படிக்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அது நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பாவின் ஊர் எழுமலை. காரியங்கள் முடிந்து அம்மா ஒரு வாரம் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, அந்த வீட்டில் எங்களுக்குக் கதவு திறக்கவில்லை. ஒரு சூட்கேசை நடுவில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை தெருவில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே மிக்சி ஓடுகிற சத்தம் கேட்டது. தாளிக்கிற வாசனை வந்தது. கதவு மட்டும் திறக்கவில்லை. கடைசியில் மாமாதான் வேன் எடுத்துவந்து கூட்டிப்போனார். அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன்.

மாமாவுக்குத் திண்டுக்கல் ரோட்டில் பைப்பும் டிரம்மும் தண்ணீர்த் தொட்டியும் விற்கிற கடை. வீட்டில் எங்களையும் சேர்த்து ஏழு பேர். வந்த முதல் நாளே அம்மா கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து பாத்திரங்களைக் கழுவிப்போட்டாள். யாரும் அவளைக் கழுவச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. மூன்று வேளையும் அவள்தான். விரல் இடுக்குகளில் தோல் வெள்ளையாக ஊறிப்போய்க் கிழிந்திருக்கும். என் தலையை வாரிவிடும்போது முடி அந்தப் புண்ணில் மாட்டும். அவள் சட்டென்று கையை இழுத்துக்கொள்வாள். அம்மா கழுவுகிறாள், அதனால் நமக்குச் சோறு போடுகிறார்கள் என்று நானாகவே புரிந்துவைத்திருந்தேன். ஒன்பது வயதில் அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இப்போது நினைத்தாலும் அதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை.

அந்தக் கோடையில் வீட்டு போர்வெல் வற்றிவிட்டது. லாரித் தண்ணீர்தான். டிரம் டிரம்மாக வாங்கி ஊற்றினார்கள். மாமாவின் மனைவியை நான் அத்தை என்பேன்; கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற அவளுடைய தம்பி ஊருக்கு வந்தவர், மாமாவின் காதில் போட்டார்.

“மச்சான், எங்க வீட்டுல மெஷின் வாங்கிட்டோம்ல. ஒரு வாளித் தண்ணியில அம்புட்டுப் பாத்திரத்தையும் கழுவி எடுத்துருது.”

“அளந்து பாத்தியா மாப்ள?”

“கடைக்காரன் சொன்னான்.”

“அவன் விக்கிறவன். விக்கிறவன் சொல்றத நம்பித்தேன் நான் கடை நடத்துறேனாக்கும்.”

மாமா எதையும் அளக்காமல் நம்ப மாட்டார். தெரிந்த கடையில் பேசி, ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பது, பிடிக்காவிட்டால் திருப்பித் தருவது என்று ஒரு மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பந்தயம். பாதிப் பாத்திரம் மெஷினுக்கு, பாதிப் பாத்திரம் அம்மாவுக்கு. யாருக்குத் தண்ணீர் குறைவாகச் செலவாகிறதோ அவர்கள் ஜெயித்தவர்கள்.

அதற்கு முந்தின நாள் மதியம் பக்கத்து அறையில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மாமா அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது.

“மெஷின்தேன் சிக்கனம்னு தெரிஞ்சிருச்சுன்னா நீ பிள்ளையக் கூட்டிக்கிட்டுக் கெளம்பு. நான் குறுக்க நிக்க மாட்டேன்.”

“சரிண்ணே,” என்றாள் அம்மா. அவ்வளவுதான். அழவில்லை, கெஞ்சவில்லை.

கிளம்புவது என்றால் எழுமலைக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது. அந்தத் தெரு, அந்தச் சூட்கேஸ், அந்த மிக்சிச் சத்தம். அம்மா பயத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று நினைத்தேன். அவளிடம் கேட்கவும் பயம். கேட்டால் அது உண்மையாகிவிடும்.

அடுத்த வேளையிலிருந்து நான் தட்டில் சாப்பிடுவதை நிறுத்தினேன். ஒரு தட்டாவது குறையட்டும் என்று சோற்றைக் கையில் உருட்டித் தரச் சொன்னேன். அத்தை முறைத்தாள்.

“என்னடி இது, கோயில் வாசல்ல வாங்கித் திங்கிறவ மாதிரி? தட்டு என்ன கடிக்குதா?”

அடுப்படி மூலையில் அந்த மெஷின் வெள்ளையாக நின்றது. அதன் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு ஆள் உட்காரலாம் போல இருந்தது. தண்ணீர்க் குழாயை அரிவாள்மணையில் அறுத்துவிடலாமா என்று இரண்டு தடவை கிட்டே போனேன். தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு. மாமா தட்டு, தம்ளர், கிண்ணம், கரண்டி எல்லாவற்றையும் சரிபாதியாகப் பிரித்தார். குழம்புச் சட்டியும் கொழுப்பு ஒட்டிய அண்டாவும் மெஷினுக்குள் போகாது என்று தெரிந்ததும் இரண்டையும் ஓரமாக வைத்தார். பின்னால் அவற்றை யார் கழுவியிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

மெஷின் கடையிலிருந்து வந்த பையன் தட்டுகளை உள்ளே அடுக்கப் போனான். அத்தை பாய்ந்து தடுத்தாள்.

“இருப்பா, இருப்பா. மொதல்ல கழுவிக் குடுத்துர்றேன்.”

“அப்படியே வைக்கலாம்க்கா. எலும்ப மட்டும் தட்டிவிட்டாப் போதும். கழுவுறதுக்குத்தான மெஷினே.”

“அம்புட்டு வெலை குடுத்து வாங்குற பொருளுக்குள்ள எச்சித் தட்டப் போயி வைப்பாகளா தம்பி?”

“கழுவி வச்சா அது என்னத்தக்கா கழுவும்?”

“கழுவுனதக் கழுவட்டும்.”

அத்தையின் தம்பி சிரித்தார். “மச்சான், பொண்ணு பாக்கப் போற மாதிரி பாத்திரமெல்லாம் குளிச்சிட்டுப் போகுது.”

அத்தை விடவில்லை. இரண்டு வாளித் தண்ணீரில் எல்லாவற்றையும் அலசித்தான் உள்ளே விட்டாள். மாமா நியாயஸ்தர் அல்லவா, அந்த இரண்டு வாளியையும் மெஷின் கணக்கில் சேர்த்துவிட்டார். மெஷின் வெளியே விடுகிற தண்ணீரைக் கொல்லையில் வாளி வைத்துப் பிடித்தார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் அது உறுமிக்கொண்டு கிடந்தது. ஒவ்வொரு தடவை குழாய் இருமித் தண்ணீரைத் துப்பும்போதும் நான் வாளியை எட்டிப் பார்த்தேன். கடைசியில் ஒரு வாளி நிறைந்து அடுத்த வாளியில் கால்வாசி வந்திருந்தது. மொத்தம் மூன்றேகால்.

எனக்கு உயிர் வந்தது. அம்மா இத்தனை பாத்திரத்தை மூன்று வாளியில் முடிப்பாள். மீதித் தண்ணீரைக் கருவேப்பிலைச் செடிக்கும் ஊற்றுவாள். நான் தினமும் பார்க்கிறவள்.

மாமா டிரம்மை விளிம்பு வரை நிரப்பி, அதே வாளியை அம்மாவிடம் கொடுத்தார். என் கையில் சாக்பீஸைக் கொடுத்தார்.

“பாப்பா, ஒரு வாளிக்கு ஒரு கோடு. செவுத்துல போடு. கரெக்டா எண்ணணும்.”

மெஷினைத் திறந்துவிட்டார்கள் என்று உள்ளே சத்தம் கேட்டது. எல்லோரும் ஆவி பறக்கிற தட்டுகளைத் தொட்டுப் பார்க்க ஓடினார்கள். கொல்லையில் அம்மாவும் நானும் மட்டும்.

அம்மா அன்று கழுவிய மாதிரி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஒரு தம்ளருக்கு ஒரு செம்புத் தண்ணீர். அலசின தட்டை மறுபடி அலசினாள். தம்ளர்களில் பாதிகூட முடியவில்லை, முதல் வாளி காலி. தட்டில் கை வைப்பதற்குள் இரண்டாவதும் காலி.

“அம்மா, தண்ணி,” என்றேன்.

“நீ எண்ணு,” என்றாள் திரும்பாமல்.

மூன்றாவது கோடு போட்டேன். நான்காவது வாளியை அவள் மொண்டபோது சாக்பீஸ் என் கையில் வியர்வையில் நனைந்திருந்தது. அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது, பயத்தில் இப்படிச் செய்கிறாள், இதோ எங்களைத் துரத்தப் போகிறார்கள் என்று நினைத்தேன். வாய்க்குள் ஏதோ பாட்டு வேறு முணுமுணுத்தாள். அது என்னை இன்னும் கலக்கியது. நான் கோடு போடவில்லை. ஐந்தாவதுக்கும் போடவில்லை. ஆறாவது வாளியில் பாதியை அவள் வெறும் தரையில் கொட்டினாள். அதற்கும் போடவில்லை. சுவரில் மூன்று கோடுகள் இருந்தன. அவற்றை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

மாமா வந்தார். “எம்புட்டு?”

“மூணு.”

அவர் சுவரைப் பார்த்தார். கொல்லை முழுக்க ஓடிக்கிடந்த தண்ணீரைப் பார்த்தார். பிறகு டிரம்மின் மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். நன்றாக, நேரமெடுத்துப் பார்த்தார். மூடியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு நின்ற இடத்திலேயே மூத்திரம் வந்துவிடும் போல இருந்தது.

“மூணுதேன்,” என்றார் உரக்க. “கை ஜெயிச்சிருச்சு.”

“பாவம், மெஷினு கால் வாளியில தோத்துப்போச்சு,” என்று உள்ளேயிருந்து வந்த அத்தையின் தம்பி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. ஈரப் புடவையோடு சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு அசைந்தது, எண்ணுகிற மாதிரி. நான் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவள் என்னைத் திருப்பிக் கட்டிக்கொள்ளவில்லை. கை ஈரமாக இருப்பதால்தான் என்று நினைத்தேன்.

மாமா கண்டுபிடித்தும் எங்கள் மேல் இரக்கப்பட்டு விட்டுவிட்டார் என்று நம்பினேன். அன்றைக்கு அவர் எனக்குச் சாமி. சாயங்காலம் தட்டில் போட்டு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாள் மெஷின் கடைக்குத் திரும்பிப் போய்விட்டது.

அதற்கப்புறம் பதினொரு வருடம் அம்மா அந்த வீட்டில் பாத்திரம் கழுவினாள். எனக்கு வேலை கிடைத்துத் தனி வீடு பார்த்த பிறகுதான் நின்றது. போன மாதம் நான் ஒரு மெஷின் வாங்கினேன். அலசாமல் அப்படியே வைத்தேன். தண்ணீர் ஒரு வாளிக்குக் கொஞ்சம்தான் கூட. கரண்டும் அதற்கான பொடியும் தனிச் செலவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்று மாமா அளந்ததில் தண்ணீர் இருந்தது, அம்மாவின் நேரம் இல்லை, கை இல்லை. கூலி கொடுக்காத ஆள் இருக்கிற வீட்டில் எந்த மெஷினும் ஜெயிக்காது.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து மெஷின் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்.

“பசுமலையில ஒரு காலேஜு ஆஸ்டல்ல வேலை சொல்லிருந்தாக. பிள்ளைகளப் பாத்துக்கிற வேலை. தங்க ரூமும் உண்டு, உன்னையும் கூட வச்சுக்கலாம்னாக. உங்க மாமா, வீட்டு வேலைக்கு ஆளில்லன்னு மூணு மாசமா இழுத்தடிச்சாரு. மெஷினு ஜெயிச்சாப் போன்னாரு. நானும் தண்ணிய அள்ளி அள்ளி ஊத்துனேன் பாத்துக்க. ஆறு வாளி. அப்பயும் மூணுன்னு வந்துச்சு. எப்படி வந்துச்சுன்னு இன்னக்கி வரைக்கும் எனக்கு வெளங்கல.”

நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். அவளிடம் அன்றும் சொல்லவில்லை. இப்போது இதை அவளும் படிப்பாள். அம்மா, கோடு போடாமல் விட்டது நான்தான். நீ போக வேண்டிய இடத்துக்கு நீயே வழி தேடித் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாய். அந்த வழியை அடைத்தது நான். பயந்துபோய்ச் செய்தேன். எனக்கு ஒன்பது வயது.

மாமா, உங்களுக்கு அன்று நாற்பது வயது. டிரம்மும் தொட்டியும் விற்றுப் பிழைக்கிறவர் நீங்கள். மூன்று வாளி மொண்ட டிரம்முக்கும் ஆறு வாளி மொண்ட டிரம்முக்கும் வித்தியாசம் உங்களுக்குத் தெரியாது என்றால் யாருக்குத் தெரியும்? வருகிற மாசி மாதம் குலசாமி கும்பிட நம் சனம் முழுக்க வரும். அத்தையும் இருப்பாள், அம்மாவும் இருப்பாள். பொங்கல் வைத்து முடித்ததும் எல்லோர் முன்னாலும் எழுந்து நில்லுங்கள். மூடியைத் தூக்கிப் பார்த்தபோது, என் கணக்குப் பொய் என்று உங்களுக்குத் தெரிந்ததா, இல்லையா? என்னிடம் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம். அங்கே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள்.