இங்கு யாவரும் நலம்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டப் பள்ளியில் நான் ஏழாம் வகுப்புப் படித்த காலத்தில், கதையில் வரும் ஒருவராகவே மாறிக் கடிதம் எழுதுமாறு தமிழாசிரியர் எங்களைப் பணித்தார். பாடநூற் கதை சிறியது. வணிகன் ஒருவன் கடல்கடந்து செல்கிறான். அவன் திரும்புமுன் குழந்தை நோயுற்று இறக்கிறது. கதை நெடுகிலும் அவன் மனைவி ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவள் கணவனுக்கு எழுதியிருக்கக்கூடிய கடிதத்தை நாங்கள் எழுத வேண்டும். எழுதிப் பார்த்தாலன்றி அவளை அறிய இயலாது என்பது ஆசிரியரின் துணிபு.

கடிதம் எழுதுவது எனக்குப் புதிதன்று. குவைத்தில் வீட்டுவேலை செய்த அக்காவுக்கு, எழுத்தறியாத அம்மா சொல்லச் சொல்ல மாதந்தோறும் நானே எழுதி வந்தேன். பழகிய கை பழகியவாறே ஓடியது. "இங்கு யாவரும் நலம். தங்கள் நலமறிய ஆவல். மழை நன்கு பெய்கிறது. பசு கன்று ஈன்றது."

ஆசிரியர் அதை வாசித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"ஏன் புள்ள, கதையில குழந்த செத்துப் போச்சு. நீ யாவரும் நலம்னு எழுதியிருக்க?"

"மேலோகத்துல நலமா இருக்கும் சேர்," என்றான் கடைசி வாங்கில் அமர்ந்திருந்த பையன் ஒருவன். வகுப்பு சிரித்தது.

"வாய மூடுடா," என்று அவனை அடக்கிய ஆசிரியர், கடிதத்தின் குறுக்கே கோடிட்டார். "மனசுல உள்ளத மறைக்காம எழுதிக்கிட்டு வா. அப்பதான் அந்தப் பொம்பள யாருன்னு ஒனக்கு வெளங்கும்."

எங்கள் தம்பி இறந்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. காய்ச்சல் கண்டவனைக் கொழுந்து ஏற்றும் லொறியில் பசறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லும் வழியிலேயே உயிர் பிரிந்தது. அவனைத் தூக்கி வளர்த்தவள் அக்கா. அவளுக்கு அறிவிக்க அம்மா இசையவில்லை. "ஒத்தையில கெடக்கிற புள்ள. அழுதா யாரு தேத்துவா?" என்றாள். ஆகவே எங்கள் கடிதங்களில் தம்பி தவழ்ந்தான், அவனுக்குப் பல் முளைத்தது.

மறுநாள் வேறு கடிதம் கொண்டுசென்றேன். "நம் பிள்ளை இல்லை. தொட்டில் சேலையை நான் இன்னும் அவிழ்க்கவில்லை." ஆசிரியர் அதை உரக்க வாசித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. உண்மையை எழுதுவதே உயர்ந்தது என்னும் பெருமிதத்தோடு வீடு திரும்பினேன்.

அந்த ஞாயிறு அம்மா சொன்னவற்றை எழுதி, வழக்கம்போல் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பின்பு, சோற்றுப் பருக்கையால் உறையை ஒட்டுமுன், அடியில் ஒரு வரியை நானாகச் சேர்த்தேன். "தம்பி இறந்துவிட்டான். அம்மா தொட்டில் சேலையை இன்னும் அவிழ்க்கவில்லை."

ஒரு மாதங்கழித்துப் பதில் வந்தது. நான் எழுதியதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. "இங்கு நான் நலம். அங்கு யாவரும் நலமென அறிந்து மகிழ்ந்தேன். அம்மா, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்." அவ்வளவே.

"தம்பி நடக்கிறானான்னு கேக்கலையா?" என்றாள் அம்மா. அக்காவின் கடிதங்கள் எல்லாம் அவனைப் பற்றிய கேள்விகளாகவே இருக்கும்.

"இல்லம்மா."

"மறுபடி வாசி."

மறுபடியும் வாசித்தேன். அம்மா என் முகத்தையே நெடுநேரம் பார்த்தாள். எழுந்து சென்று, கூரை வளையிலிருந்து தொட்டில் சேலையை அவிழ்த்தாள். மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

அடுத்த ஞாயிறு கடிதத்தாளோடு அமர்ந்தபோது, "இங்க யாவரும் நலம்னு எழுது," என்றாள். தம்பியைப் பற்றி ஏதும் சொல்லவில்லை. அப்படியே எழுதினேன்.

ஆசிரியர் கோடிட்ட முதற்கடிதம் அந்த வணிகன் மனைவியை எவ்வளவு அறிந்திருந்தது என்பதை உணரும் வயது எனக்கு அப்போது இல்லை. நான் அரும்பாடுபட்டுச் சேர்த்த வரியை அக்கா வாசிக்கவேயில்லை என்று நெடுநாள் அவள்மேல் மனத்தாங்கலாக இருந்தேன்.