அப்ஸ்காண்ட் ஆன மாமா

பேங்க் பரீட்சைக்குப் படிக்கிற பேத்தி நேற்று 'அப்ஸ்காண்ட்' என்று உரக்கச் சொன்னதும் எனக்குக் குஷி தாங்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத எனக்கு ஏழு வயதிலேயே தெரிந்த ஒரே இங்கிலீஷ் அது.

"அர்த்தம் சொல்லு பாப்போம்."

"ஆருக்கும் தெரியாம ஓடிப்போறது, அப்பத்தா. சும்மா ஊருக்குப் போனவுகளுக்குச் சொல்லக் கூடாது, போலீசு தேடுறவனுக்குத்தான். ஆதியில லத்தீன்ல ஒளிச்சு வைக்கிறதுன்னு அர்த்தமாம்."

அந்த லத்தீன்காரர்கள் கறம்பக்குடிப் பக்கம் எங்கள் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

வெள்ளைக்காரன் ஆட்சியில் உலகச் சண்டை நடந்த காலம். அப்பா கொழும்பில். நான் கைக்குழந்தையாக இருந்தபோது பட்டாளத்துக்குப் போன என் மாமா, அம்மாவின் தம்பி, அங்கிருந்து தப்பிவிட்டார் என்று ஏட்டு தேடி வந்தார். வைக்கோல்போரைக் குத்திப் பார்த்தார். "ஆளு அப்ஸ்காண்ட்" என்று எழுதிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரு புது வழக்கம். உச்சி வெயிலில், உள்ளறையில் நெல் இல்லாமல் கிடந்த பெரிய மண்குதிருக்கு முன்னால், செத்துப்போன தாத்தாவுக்கு என்று இலை போட்டுக் கதவைச் சாத்துவாள். திறந்தால் இலை காலி. கருவாட்டு முள்ளைக்கூடச் சப்பியிருக்கும். எனக்கா, பெருமை! தெருப் பிள்ளைகளிடம் பீற்றிக்கொண்டேன்: "ஒங்க தாத்தா எல்லாம் சும்மா செத்தாக. எங்க தாத்தா செத்தும் சாப்புடுறாக!"

மூன்று மாதத்தில் பேச்சு ஏட்டு காதுக்குப் போயிற்று. ஒரு மத்தியானம் வாசலில் வந்து நின்று, தணிந்த குரலில் சொன்னார். "போடும்மா இலைய. நானுந்தான் பாக்குறேன்."

அம்மா இலைக்கு வெளியே சோற்றைச் சிந்திச் சிந்திப் பரிமாறினாள். கதவைச் சாத்திவிட்டு வெளியே மூவரும் நின்றோம். ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. உள்ளே சோறு பிசையும் சத்தம். பிறகு, தொண்டையில் தண்ணீர் இறங்கும் சத்தம். ஏட்டு தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் கழித்துத்தான் அவருக்குக் கதவைத் தள்ளத் தைரியம் வந்தது. அறையில் யாரும் இல்லை. இலையில் விரல் வழித்த கோடுகள், ஈரமாக.

"பெரியவரே, மன்னிச்சுக்கங்க. தெரியாம வந்துட்டேன்" என்று குதிர் இருந்த பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொல்லிக் கும்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

மறுநாள் இலை போட்டபடியே இருந்தது. சோற்றில் எறும்பு. அம்மா குதிரின் மேல் தட்டினாள். "தம்பி... டேய் தம்பி..." வெறுங்குதிரின் சத்தம். ஏட்டு மன்னிப்புக் கேட்ட குரலைக் குதிருக்குள்ளிருந்து கேட்டு, இரவோடு இரவாகப் போயிருக்கிறார். அம்மா என்னைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஒன் வாயிதான்டி அவன வெரட்டிருச்சு."

சாப்பிட்டது யார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சண்டை முடிந்தும் மாமா வரவில்லை. எங்கே போனார், இருந்தாரா செத்தாரா, ஒரு தகவலும் இல்லை. அம்மா போய்விட்டாள். வீடு போய்விட்டது. மாமாவைப் பார்த்தவர்கள் இன்று ஒருவரும் இல்லை. ஒரே வீட்டில் மூன்று மாதம் இருந்திருக்கிறோம். அவர் முகம் எனக்குத் தெரியாது.