பால்கோவா கடை வாசலில்

ராஜபாளையத்தில் ஏறிய பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்கிறது. வியர்த்துக் கொட்டும் என் மனைவியைக் கைத்தாங்கலாக இறக்கி, ஒரு பால்கோவா கடை வாசலில் உட்காரவைக்கிறேன். விரல்கள் நடுங்க என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்கிறாள்.

கடைக்கார அம்மா எட்டிப் பார்க்கிறார். "அக்காவுக்குச் சுகரா அண்ணாச்சி?"

"ஆமா. மூணு வாரமா சோறு, இட்லி எதுவும் கிடையாது. முட்டையும் காயும்தான்."

"மாத்திர?"

"காலையிலயும் போட்டா."

"அதான் சுகர் எறங்கிருச்சு."

நான் பால்கோவாவைக் காட்டுகிறேன்.

"அது வேல செய்யச் செத்த நேரம் ஆகும். இதக் குடுங்க." டம்ளரில் சீனியைக் கரைத்து நீட்டுகிறார்.

மனைவி உதட்டை இறுக்கிக்கொள்கிறாள். "சீனி ஆகாது."

நான் கெஞ்சுகிறேன். கடைக்கார அம்மா அவள் முதுகைத் தடவி, "ஒரு வாய் குடிங்கக்கா" என்கிறார். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறாள்.

கால் மணி நேரம் அவள் முகத்தையே பார்த்தபடி நிற்கிறேன். மெல்ல நிமிர்கிறாள்.

"ஏங்க, டாக்டர்கிட்ட போயிருவோமா?"

இந்தச் சாப்பாட்டைத் தொடங்கிய அன்றும் இதையேதான் கேட்டாள். வீடியோவிலேயே எல்லாம் சொல்லியிருக்கிறார்கள், டாக்டர் எதற்கு என்றவன் நான்.

எதிரே வரும் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்துகிறேன்.