விறகுக்கட்டையும் ஓர் ஆமெனும்

எங்கள் மலையில் புத்தகத்தைக் கண்ணால் படித்து நல்லது கெட்டது சொல்கிறவர்கள் குறைவு. எஸ்டேட் கோயிலுக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்து தெரியாது. ஆகவே போடி மெட்டு ஏறி எந்தப் புத்தகம் வந்தாலும், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உபதேசியார் அதைச் சத்தமாக வாசிப்பார், சபை கேட்கும். பிறகு பள்ளிக்கூட வாத்தியார், மருந்துக் கம்பவுண்டர், ஆபீஸ் ரைட்டரான நான் ஆகிய மூவரும் கலந்து, அது கோயிலுக்கு வேண்டுமா வேண்டாமா என்று சொல்வோம். இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. மோசமான வசனநடையைக் கேட்டால் எனக்குப் பல் கூசும். அதை வாய்விட்டுச் சொல்ல ஒரு பதவியும் கிடைத்தால் விடுவேனா?

அந்த மழைக்காலத்தில் வந்தவை இரண்டு. இரண்டும் ஒரே கேள்வியைப் பற்றியவை: விசுவாசி தன்னைக் காத்துக்கொள்ளக் கை ஓங்கலாமா? ஒன்று கீழ்நாட்டுப் போதகர் ஒருவர் எழுதியது. மற்றது பஸ்ரா வரை போய்த் திரும்பிய ஒரு பட்டாளத்துக்காரர் எழுதியது.

வேறு சமயமாக இருந்தால் பேசிக் கலைந்திருப்போம். ஆனால் அப்போது எங்கள் சபையில் ஒரு வழக்கு இருந்தது. கூலி வீட்டு வரிசையான லயத்தில் தனியாக இருந்த, தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண் ஒருத்தி, காய்ச்சலென்று படுத்திருந்த பகலில், கதவைத் தள்ளிக்கொண்டு வந்த கங்காணியை விறகுக்கட்டையால் அடித்துக் கையை முறித்துவிட்டாள். வேலைக்குக் கூப்பிடத்தான் போனேன் என்றார் கங்காணி. இருவரும் எங்கள் சபைதான். சபைப் போதகரான ஐயர் அவளுக்கு நற்கருணை அப்பத்தை நிறுத்தி வைத்தார். நற்கருணை நின்றவளிடம் லயத்தில் யாரும் அடுப்புக்கு நெருப்புக்கூட வாங்க மாட்டார்கள். ஐயர் நல்ல மனுஷர், தானாக ஒரு முடிவெடுக்க மட்டும் பயம். சபை எந்தப் புத்தகத்தை ஏற்கிறதோ அதன்படி செய்கிறேன் என்று எங்கள் தலையில் கட்டிவிட்டார்.

முதல் புத்தகம் அருமையான தமிழ். மறு கன்னத்தைக் காட்டுவதைப் பற்றி அவர் எழுதியிருந்த இடத்தில் எனக்கே கண் கலங்கியது; சபையும் அழுததில் ஆமென் சொல்ல மறந்துபோனது. இரண்டாவது சகிக்கவில்லை. வரிக்கு வரி நான், நான். நடுவில், மணிக்கட்டைப் பிடித்தால் எந்தப் பக்கம் திருகி உருவ வேண்டும், கையில் அகப்பட்டதை எடுத்து எங்கே அடிக்க வேண்டும் என்றெல்லாம் பாடம். தன்னைக் காக்க ஓங்கிய கையைக் கர்த்தர் குற்றம் பிடிக்கமாட்டார் என்று முடித்திருந்தார். எங்கள் உபதேசியாருக்கோ எதை வாசித்தாலும் வேதபாட ராகம்தான் வரும். அடிக்கிற இடத்தையும் அதே ராகத்தில் இழுத்து நிறுத்தினார். சபை வழக்கம்போல ஒரே குரலில் ஆமென் என்றது.

கம்பவுண்டர் சிரிப்பை அடக்க இருமினார். எங்கள் கோயிலில் ஆமென் சொன்னதை யாரும் திரும்ப எடுப்பதில்லை. ஐயர் முகத்தில் பாரம் இறங்கினாற்போல ஒரு தெளிவு. சபை ஏற்றுக்கொண்டது என்றார்.

தூளியில் தொங்கிய கையோடு கங்காணி எழுந்தார். அது பழக்கதோஷத்தில் வந்த ஆமென், செல்லாது என்றார். எனக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. ஆனால் அவர் சொன்னது சரி. தூக்கத்தில் விழுந்த தீர்ப்பு எனக்கும் வேண்டாம். அந்தக் கடைசிப் பகுதியை ராகம் இல்லாமல், பேசுகிற மாதிரி இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். கதவோரம் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் சொன்னதை மாற்றவில்லை.

உபதேசியார் தடுமாறித் தடுமாறி வாசித்து முடித்தார். இந்த முறை ஆமென் வரவில்லை. ஆண்கள் பாயைப் பார்த்தார்கள். மறுநாள் காலையில் யாருக்கு எந்த மலையில் வேலை என்று சொல்லப்போகிறவர் எதிரில் நிற்கிறாரே, யார் வாய் திறப்பார்கள்?

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு குரல் ஆமென் என்றது. திரும்பிப் பார்த்தோம். கங்காணியின் மனைவி.

"ஏட்டி, சும்மா இரி" என்றார் கங்காணி, சத்தம் எழும்பாமல்.

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. தெரிந்துதான் சொன்னாயா அம்மா என்று ஐயர் கேட்டார்.

"தெரிஞ்சுதான் சொன்னேன், ஐயா. எனக்கு ஒருநாளும் கட்டை கைக்கு எட்டுனதில்ல. அவளுக்கு எட்டிட்டு."

ஐயர் வேறு யாரையும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அந்தப் பெண் நற்கருணை வாங்கினாள்.